கணினிப் பணியிடத்தை உடலுக்கு ஏற்ப அமைத்தல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் வழிகாட்டி

அறிமுகம்

கணினியில் பணிபுரிவோருக்கு உண்டாகும் கழுத்துவலி, முதுகுவலி, கை மரத்துப்போதல், கண் எரிச்சல் ஆகியவை பெரும்பாலும் ஒரே நாளில் தோன்றுவதில்லை. உடலுக்குப் பொருந்தாத உயரத்தில் அமர்ந்து, நாள்தோறும் பல மணி நேரம் அசையாமல் இருப்பதால் அவை சிறிது சிறிதாக வளர்கின்றன. தொடக்கத்தில் இரவு உறங்கி எழுந்தால் நீங்கிவிடும் வலி, கவனிக்கப்படாவிட்டால் உறக்கத்தையே கெடுக்கும் வலியாக மாறக்கூடும்.

இவற்றுள் பலவற்றை வீட்டிலேயே குறைத்துக்கொள்ள இயலும். விலை உயர்ந்த நாற்காலியோ மேசையோ இதற்குக் கட்டாயம் இல்லை. ஓர் அளவு நாடா, ஒரு துண்டு, சில பழைய புத்தகங்கள் ஆகியவையே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானவை. நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய அடிப்படைகள் இரண்டு:

• மேசைக்கு ஏற்ப உடலை வளைக்காமல், உடலுக்கு ஏற்ப மேசையையும் திரையையும் அமைக்க வேண்டும்.
• எவ்வளவு சரியான நிலையில் அமர்ந்தாலும், அந்நிலையிலேயே நெடுநேரம் இருக்கக் கூடாது.

வலி ஏன் ஏற்படுகிறது?

வயது வந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடை கொண்டது. தலை தோள்களுக்கு நேர் மேலே இருக்கும்போது முதுகெலும்பு அதை எளிதில் தாங்குகிறது. திரையைப் பார்ப்பதற்காகத் தலை முன்னோக்கிச் சாய்ந்தால், அது விழாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு பின்கழுத்துத் தசைகளின்மேல் விழுகிறது. இடைவிடாமல் இறுகியிருக்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. மாலையில் கழுத்தும் தோளும் கனப்பதற்கு இதுவே காரணம்.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளுக்கு நேரடியான இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறி வரும் ஊட்டத்தையே அவை நம்பியுள்ளன. உடல் அசைவு இதற்குத் துணைபுரிகிறது. அசையாமல் அமர்ந்திருப்பது முதுகுக்கு ஓய்வாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழி உள்ளது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. மணிக்கட்டு மேலோ கீழோ வளைந்திருக்கும்போது அவ்வழியில் அழுத்தம் கூடுகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போவது இந்நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஆயினும், எல்லா வலிக்கும் கணினியே காரணம் என்று கருதிவிட வேண்டாம். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம், மூட்டு அழற்சி ஆகியவற்றாலும் கை மரத்துப்போகும். பணியிடத்தைச் சரிசெய்த பின்னரும் தொந்தரவு நீடித்தால் மருத்துவப் பரிசோதனை தேவை.

பணியிடத்தை அமைக்கும் முறை

கீழிருந்து மேலாக, கீழ்க்காணும் வரிசையில் அமைக்கவும். நாற்காலியைச் சரிசெய்யாமல் திரையை முதலில் உயர்த்தினால், பின்னர் எல்லாவற்றையும் மீண்டும் மாற்ற நேரிடும்.

1. நாற்காலி

இருக்கையின் பின்பகுதி வரை நன்றாக உள்ளே சென்று அமரவும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையெனில், முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டை வைத்துச் சற்று முன்னே வரலாம்.

முதுகின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்கு மேலே இயல்பான உள்வளைவு ஒன்று உள்ளது. நாற்காலியின் சாய்மானம் அவ்வளைவைத் தாங்காவிட்டால், ஒரு துண்டை உருளையாகச் சுருட்டி அங்கே வைக்கவும். விறைப்பாக நிமிர்ந்திருக்க வேண்டிய தேவையில்லை. சாய்மானத்தில் முதுகு படியும்படி சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது.

கைப்பிடி இருந்தால், தோள்களை உயர்த்தாமல் முழங்கை அதன்மேல் படிய வேண்டும். கைப்பிடி மேசையில் முட்டி உங்களை மேசையை நெருங்க விடாமல் தடுத்தால், கைப்பிடி இல்லாத நாற்காலியே மேலானது.

2. மேசையும் பாதங்களும்

தோள்களைத் தளர்த்தி, மேல்கைகளை உடலை ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடக்கவும். அப்போது உங்கள் முழங்கை இருக்கும் உயரமே விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம்.

இதை எளிதாக அளந்து பார்க்கலாம். ஒருவருக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 40 செ.மீ., இருக்கையிலிருந்து முழங்கை வரை 22 செ.மீ. என்று கொள்வோம். அவருக்குத் தேவையான மேசை உயரம் 62 செ.மீ. ஆகும். வீட்டில் உள்ள உணவு மேசையின் உயரம் 75 செ.மீ. எனில், அது அவருக்கு 13 செ.மீ. கூடுதல். அம்மேசையில் பணிபுரியும்போது அவர் தோள்களை நாள் முழுவதும் தூக்கிவைத்திருக்க வேண்டியிருக்கும்.

இக்குறையை இரு வகையில் தீர்க்கலாம்:

• அமுங்காத, உறுதியான திண்டு வைத்து இருக்கையை உயர்த்தலாம். திண்டு நழுவாதபடி நாற்காலியுடன் கட்டப்பட வேண்டும். அவ்வாறு உயர்த்தினால் பாதங்கள் அந்தரத்தில் தொங்கும். எனவே உயர்த்திய அளவுக்கு ஈடாகப் பாதங்களுக்குக் கீழே மணைக்கட்டையோ, இறுகக் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டோ வைக்கவும்.
• இருக்கையைப் பாதுகாப்பாக உயர்த்த இயலாவிட்டால், விசைப்பலகையைத் தாழ்வான வேறு மேசையில் வைக்கவும்.

பாதங்கள் முழுமையாகப் படியாமல் தொங்கினால் தொடையின் பின்புறம் அழுந்தி, கால் வீக்கமும் மரத்துப்போதலும் உண்டாகும். மேசையின் அடியில் கால்களை நீட்டி மடக்க இடம் இருக்க வேண்டும். பெட்டிகள், பைகள் ஆகியவற்றை அங்கே அடுக்கி வைக்க வேண்டாம்.

3. விசைப்பலகையும் மவுஸும்

விசைப்பலகை உங்களுக்கு நேர் எதிரே இருக்கட்டும். மவுஸ் அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில் இருக்க வேண்டும். மவுஸை எட்டிப் பிடிப்பது தோள்வலிக்கு ஒரு பொதுவான காரணம். விசைப்பலகையின் அடியில் உள்ள சிறு கால்களை மடக்கிவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் நேராக இருக்கும். தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டை மேசையின் கூரான விளிம்பில் ஊன்ற வேண்டாம். விசைகளை மென்மையாக அழுத்தவும்.

4. திரை

கையை முன்னே நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் அளவு தூரம் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். பொதுவாக இது 50 முதல் 100 செ.மீ. வரை இருக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். எழுத்துகள் தெரியவில்லையெனில் முன்னே குனியாமல் எழுத்தின் அளவைப் பெரிதாக்கவும்.

தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி அணிபவர்கள் இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இத்தகைய கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதற்காக முகவாயை உயர்த்துவது வழக்கமாகிவிடுகிறது. இது கழுத்துவலியைக் கூட்டும். நீங்கள் அவ்வாறு செய்வதாக உணர்ந்தால் திரையை மேலும் தாழ்த்தவும். கணினித் தூரத்துக்கெனத் தனிக் கண்ணாடி தேவையா என்று கண் மருத்துவரிடம் கேட்கலாம்.

5. வெளிச்சம்

சன்னல் உங்களுக்கு எதிரேயோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. எதிரே இருந்தால் கண் கூசும். பின்னால் இருந்தால் திரையில் ஒளி பிரதிபலிக்கும்.

மடிக்கணினியும் கைப்பேசியும்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்துள்ளன. திரை சரியான உயரத்தில் இருந்தால் கை உயர்ந்துவிடும். கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனிந்துவிடும். எனவே நாள்தோறும் நெடுநேரம் பணிபுரிபவர்கள் மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் உயர்த்தி வைத்து, தனியே ஒரு விசைப்பலகையையும் மவுஸையும் இணைத்துக்கொள்ள வேண்டும். செலவிட இயன்ற தொகை சிறிதளவே எனில், அதை முதலில் இதற்கே பயன்படுத்துங்கள்.

கட்டிலில் படுத்தபடியோ, சுவரில் கழுத்தை மட்டும் சாய்த்தபடியோ பணிபுரிய வேண்டாம். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தே பழகியவர்கள், முதுகைச் சுவரில் சாய்த்து, தாழ்வான எழுது மேசையைப் பயன்படுத்தி, குறைந்த நேரம் மட்டும் பணிபுரியலாம். முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

மடிக்கணினியைத் தொடையின்மேல் நெடுநேரம் வைத்திருந்தால் அதன் வெப்பத்தால் தோல் வலைபோல் நிறம் மாறக்கூடும். உணர்ச்சிக் குறைவு உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமலே புண்ணாகவும் நேரிடலாம்.

கைப்பேசியைக் கண் மட்டத்தை நோக்கி உயர்த்திப் பிடிக்கவும். முழங்கையை ஒரு தலையணையில் ஊன்றிக்கொள்வது கைக்குத் துணையாகும். காதுக்கும் தோளுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்வதைத் தவிர்க்கவும்.

இடைவேளையும் உடல் அசைவும்

• ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒருமுறையேனும் எழுந்து, ஓரிரு நிமிடங்கள் நடக்கவும்.
• இரண்டு மணி நேரம் தொடர்ந்து பணிபுரிந்துவிட்டு நீண்ட ஓய்வு எடுப்பதைவிட, அடிக்கடி எடுக்கும் சிறு இடைவேளைகளே மேலானவை.
• தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால், எழுந்து நடக்க அதுவே நினைவூட்டும். தொலைபேசி அழைப்புகளை நின்றபடியே பேசலாம்.
• தோள்களை மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றுதல், முகவாயைச் சற்றே பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்துதல், விரல்களை விரித்து மூடுதல், கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல் ஆகியவற்றை அமர்ந்த இடத்திலேயே செய்யலாம். வலியோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நிறுத்தவும்.

நாள் முழுவதும் நின்றுகொண்டு பணிபுரிவதும் தீர்வாகாது. அது கால்வலியையும் நரம்புச் சுருளையும் மோசமாக்கலாம். அமர்தல், நிற்றல், நடத்தல் ஆகிய மூன்றும் மாறி மாறி வருவதே நல்லது.

நெடுநேரம் அமர்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும் என்றும், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. விரைவான நடை இதற்குப் போதுமானது.

கண்களைப் பாதுகாத்தல்

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் கண்ணின் ஈரம் உலர்ந்து எரிச்சல், உறுத்தல், மங்கல் ஆகியவை தோன்றுகின்றன. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி, அதாவது ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு பொருளை 20 விநாடிகள் பார்க்கவும். அப்போது சில முறை முழுமையாக இமைக்கவும். மின்விசிறி, குளிர்சாதனம் ஆகியவற்றின் காற்று நேராக முகத்தில் படாதபடி அமரவும்.

மருத்துவர் பரிந்துரைக்காத கண் சொட்டு மருந்துகளைப் பயன்படுத்த வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகளை நீண்ட நாள் பயன்படுத்தினால் கண்புரையும் கண் நீர் அழுத்த நோயும் உண்டாகலாம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் கண் சோர்வைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனவே அதற்கெனத் தனியே செலவிடத் தேவையில்லை.

உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்கு

கழுத்து எலும்புத் தேய்மானம்: கழுத்துப் பட்டையை மருத்துவர் கூறிய காலத்துக்கு மட்டுமே அணியவும். தேவைக்கு மேல் அணிந்தால் கழுத்துத் தசைகள் வலுவிழக்கும்.

மணிக்கட்டு நரம்பு அழுத்தம்: மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் அணிவது பலருக்குப் பயன் தருகிறது. சரியான அளவை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டுப் பெறவும்.

நீரிழிவு: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கால் வைக்கும் கட்டையின் விளிம்புகள் கூர்மையாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளவும். பணி முடிந்ததும் பாதங்களில் சிவப்போ கொப்புளமோ உள்ளதா என்று கவனிக்கவும்.

கர்ப்பிணிகள்: வயிறு பெரிதாகும்போது மேசையிலிருந்து விலகி அமர நேரிடும். அப்போது விசைப்பலகையையும் திரையையும் உங்களை நோக்கி நகர்த்தவும். கால் வீக்கத்தைக் குறைக்க அடிக்கடி எழுந்து நடக்கவும்.

அறுவை சிகிச்சைக்குப் பின்: எவ்வளவு நேரம் அமரலாம், எப்போது பணிக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே தெளிவாகக் கேட்டறியவும்.

வலி மாத்திரைகளை நீங்களாகவே தொடர்ந்து உட்கொள்ள வேண்டாம். அவற்றுள் பல, சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடியவை. இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். மாத்திரையால் வலி மறைந்தாலும் அதை உண்டாக்கிய காரணம் அப்படியே இருக்கும்.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

வலியைச் சொல்லத் தயங்குபவர்களும், பணி போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பவர்களும் உண்டு. உங்கள் பராமரிப்பில் உள்ளவர் அடிக்கடி கையை உதறுகிறாரா, பொருள்களைத் தவறவிடுகிறாரா, ஒரு பக்கமாகவே சாய்ந்து அமர்கிறாரா என்று பாருங்கள். அவர் அமர்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினால், தம் அமர்வு நிலையை அவரே உணர்வார். மருத்துவரிடம் செல்லும்போது அப்படத்தையும் எடுத்துச் செல்லலாம்.

• முதியவர்களுக்கும் பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர்களுக்கும் சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம். வழுவழுப்பான தரையில், அவர்கள் எழும்போது அது பின்னோக்கி நகர்ந்து விழச் செய்யும். கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியே பாதுகாப்பானது.
• பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்திருந்தால் அது தொங்காதபடி மேசையின்மேல் தாங்கி வைக்கவும். மவுஸை மறு கைப்பக்கம் மாற்றி வைக்கவும்.
• குழந்தைகள் பெரியவர்களின் நாற்காலியில் அமர்ந்தால் இருக்கையில் திண்டும், முதுகுக்குத் தாங்கலும், பாதங்களுக்குக் கட்டையும் தேவை.
• மின் கம்பிகள் நடைபாதையில் கிடக்கக் கூடாது. சுவரோரமாகக் கட்டி வைக்கவும்.

மின் பாதுகாப்பு

நில இணைப்புள்ள மூன்று முனைச் சாக்கெட்டையே பயன்படுத்தவும். ஒரே நீட்டிப்புப் பெட்டியில் கணினியுடன் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர்ச் சூடேற்றி போன்றவற்றை இணைக்க வேண்டாம். மின்னேற்றியின் கம்பி பிய்ந்திருந்தாலோ, மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தாலோ உடனே பயன்பாட்டை நிறுத்தவும். மெத்தை, தலையணை ஆகியவற்றின்மேல் மடிக்கணினியை வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு அது அதிகமாகச் சூடாகும். ஈரக் கையால் மின் இணைப்புகளைத் தொட வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பணியிடத்தைச் சரிசெய்து இரண்டு வாரங்களுக்குப் பின்னும் வலி குறையாவிட்டால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும். கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்:

• இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருதல்; பெருவிரலின் அடியில் உள்ள சதைப்பகுதி மெலிதல். நரம்பின் மீதான அழுத்தம் நீடித்தால் இவ்விழப்பு நிலையாகிவிடலாம்.
• சட்டைப் பொத்தான் போடுவதில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம். இவை கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அழுத்தப்படுவதைக் காட்டலாம்.
• முதுகுவலியுடன் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், அல்லது முன்பு புற்றுநோய் இருந்திருத்தல்.
• ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தல். இது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

கீழ்க்காண்பவை அவசர நிலைகள். உடனே 108 எண்ணை அழைக்கவும்:

• முதுகுவலியுடன் சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாட்டை இழத்தல், தொடை இடுக்கு மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல்.
• நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்த்தல், மூச்சுத் திணறல். இதைத் தோள்பிடிப்பு என்று எண்ணி ஓய்வெடுத்துவிட வேண்டாம்.
• திடீரென முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை இழத்தல்.

தமிழ்நாட்டில் உடல்நலம் தொடர்பான ஆலோசனைகளுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

இன்றே செய்யக்கூடியவை

1. அமர்ந்த நிலையில் உங்கள் முழங்கையின் உயரத்தை அளந்து, மேசையின் உயரத்துடன் ஒப்பிடுங்கள்.
2. பாதங்கள் முழுமையாகப் படிகின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் கட்டை வையுங்கள்.
3. திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.
4. கைப்பேசியில் அரை மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் வையுங்கள். அது ஒலித்ததும் எழுந்து நடங்கள்.

எல்லா மாற்றங்களையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக மாற்றி, ஓரிரு நாள்கள் பழகிப் பாருங்கள். வலி எப்போது தொடங்குகிறது, எதனால் குறைகிறது என்பதைக் குறித்துவைத்தால், மருத்துவரைக் காணும்போது அக்குறிப்பு நோயைக் கண்டறிய உதவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகா.